மகளின் ரத்தத்திலிருந்து ஒரு ‘குட்டி மூளை’: கொடுக்கலாமா, வேண்டாமா?

தென்மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு தாய் ஆறு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கி, அவர் சம்மதத்தோடு சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு அத்தை மகனோடு திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூத்த மகளுக்கு நான்கு வயது. பிறக்கும்போதே தலை சிறியது. இப்போது சுற்றளவு 41 சென்டிமீட்டர். இந்த வயதில் 49 அளவுக்கு இருக்க வேண்டும். குழந்தை நடக்கிறாள், ஓடுகிறாள், பாட்டுப் போட்டால் கைதட்டுகிறாள். பேச்சு மட்டும் ஏழெட்டுச் சொற்களோடு நிற்கிறது. மரபணுப் பரிசோதனையில் ‘ஏஎஸ்பிஎம்’ என்ற மரபணுவின் இரண்டு பிரதிகளிலும் ஒரே பிழை இருப்பதாக அறிக்கை வந்திருக்கிறது. கிரகணத்தன்று காய் நறுக்கியதால்தான் இப்படி ஆனது என்கிறார் மாமியார்.

சில வாரங்களுக்கு முன் ஓர் ஆய்வு நிறுவனத்திலிருந்து பேசியிருக்கிறார்கள். குழந்தையின் ரத்தம் கொஞ்சம் கொடுத்தால் அதிலிருந்து ஸ்டெம் செல் (வேறு திசுக்களாக மாறக்கூடிய செல்) உருவாக்கி, ஆய்வகத்தில் ‘குட்டி மூளை’ வளர்த்துப் பார்க்கலாம் என்று விளக்கியிருக்கிறார்கள். அன்றிலிருந்து இவருக்குத் தூக்கமில்லை. அந்த மூளை நினைக்குமா, அதற்கு வலிக்குமா என்பது முதல் கேள்வி. வளர்ந்தால் அதை எடுத்து மகளுக்கு வைக்க முடியுமா என்பது இரண்டாவது. தனியார் கிளினிக் ஒன்றில் ஆறு லட்சத்துக்கு ‘ஸ்டெம் செல் ஊசி’ போடுகிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா என்பது மூன்றாவது. கையெழுத்துப் போட்டால் எங்கள் உரிமை என்ன, பின்னால் வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்பது நான்காவது.

அன்புள்ள சகோதரிக்கு,

நான்கு கேள்விகளுக்கு எண் போட்டிருந்தீர்கள். எண் போடாத ஐந்தாவது ஒன்று கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் ஒரே வரியாக இருந்தது: “எனக்கு நாள் தள்ளிப்போய் இப்போது ஏழு வாரம்.” உங்கள் கடிதத்தில் அவசரமானது அந்த வரிதான். அதற்கான பதிலை அன்றே உங்களுக்குத் தனியாக அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்று நீங்கள் சொன்னதால் இங்கேயும் எழுதுகிறேன்.

பெரும்பாலான மரபணுக்கள் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. ஒன்று அப்பாவிடமிருந்து, ஒன்று அம்மாவிடமிருந்து. உங்கள் மகளுக்குப் பிழை உள்ள மரபணுவைப் பொறுத்தவரை, ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றது வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படிப்பட்டவருக்கு எந்தக் குறையும் தெரியாது. உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் தாத்தா பாட்டி ஒருவரே. அவர்களில் ஒருவரிடம் இருந்த பிழை உங்கள் அப்பா வழியாக உங்களுக்கும், உங்கள் அத்தை வழியாக உங்கள் கணவருக்கும் வந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். இரண்டும் உங்கள் மகளிடம் சேர்ந்துவிட்டன. கிரகணத்துக்கும் காய் நறுக்கியதற்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. நீங்கள் செய்த எதனாலும், செய்யாமல் விட்ட எதனாலும் இது வரவில்லை. பழி சொல்லும் உங்கள் அத்தையே அந்தப் பிழையைச் சுமப்பவராக இருக்கலாம். அதைச் சண்டைக்கு ஆயுதமாக எடுக்காதீர்கள். அவருக்கும் தெரியாமல் வந்ததுதான் அது.

“ஒரு குழந்தைக்கு வந்துவிட்டது, இனி அடுத்ததற்கு வராது” என்று உங்கள் கணவர் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது சரியல்ல. நீங்கள் இருவரும் பிழையைச் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு இதே நிலை வரும் வாய்ப்பு. நான்கில் மூன்று பங்கு பாதிப்பில்லாத குழந்தை. முந்தைய பிரசவத்தை இயற்கை கணக்கில் வைத்துக்கொள்வதில்லை.

“ஐந்தாம் மாத ஸ்கேனில் தெரிந்துவிடும்” என்று இருந்துவிடவும் வேண்டாம். இந்த வகையில் தலை சிறுத்திருப்பது பல கர்ப்பங்களில் பிந்தைய மாதங்களில்தான் ஸ்கேனில் தெளிவாகத் தெரிகிறது. செய்ய வேண்டியது வேறு. மகளின் அறிக்கையை எடுத்துக்கொண்டு இந்த வாரமே மரபியல் மருத்துவரைப் பாருங்கள். உங்கள் இருவர் ரத்தத்தையும் பரிசோதித்து, பிழை இருவரிடமும் இருப்பது உறுதியானால், 11 வாரத்துக்குப் பிறகு நஞ்சுக்கொடித் திசுவிலிருந்தோ, 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரிலிருந்தோ மாதிரி எடுத்துக் கருவைப் பரிசோதிக்கலாம். இரண்டிலும் கருச்சிதைவு அபாயம் சிறிதளவு உண்டு, மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். மரபணு நோய்க்காகப் பதிவுபெற்ற மையத்தில் இதைச் செய்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. ஆணா பெண்ணா என்று மட்டும் கேட்கவும் கூடாது, சொல்லவும் கூடாது.

முடிவு பாதகமாக வந்தால் என்ன செய்வது என்பதை நான் சொல்ல மாட்டேன். கர்ப்பத்தைத் தொடர்வதும் நிறுத்துவதும் உங்கள் முடிவு. 2021-இல் திருத்தப்பட்ட சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்துப் போதும். கருவில் பெரிய குறைபாடு உறுதியானால் 24 வாரத்துக்குப் பிறகும் மருத்துவக் குழு முன் கேட்க முடியும். வயது வந்த பெண்ணுக்கு அவர் சம்மதம் மட்டுமே தேவை, வேறு யாருடைய கையெழுத்தும் வேண்டாம். பரிசோதனை செய்துகொள்வதால் மூத்தவளை வேண்டாம் என்று சொல்வதாக ஆகிவிடுமோ என்று கலங்கியிருக்கிறீர்கள். ஆகாது. தெரிந்துகொண்டு, பிறக்கப்போகும் குழந்தைக்கும் மூத்தவளுக்குமாகச் சேர்த்துத் தயாராகிற தாய்மார்களையும் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பரிசோதனைக்கும் அந்த ஆய்வகத்தில் வளர்க்கப்போவதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அங்கே ரத்தம் கொடுத்தால்தான் இங்கே பதில் கிடைக்கும் என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

அது என்ன, மூளையா?

இனி உங்கள் முதல் கேள்வி.

மகளின் தலையில் ஊசி போட்டு மூளையிலிருந்து செல் எடுப்பார்களோ என்று பயந்திருக்கிறீர்கள். அப்படி எதுவும் இல்லை. கையிலிருந்து சில மில்லி ரத்தம், அல்லது தோலில் ஒரு சிறு துணுக்குப் போதும். ஜப்பானின் கியோட்டோவில் ஷின்யா யமனாக்கா 2006-இல் எலியின் செல்களிலும் 2007-இல் மனித செல்களிலும் ஒன்றைச் செய்து காட்டினார். வளர்ந்து முடிந்த ஒரு செல்லுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்தினால் அது கருவின் தொடக்க நாட்களில் இருப்பது போன்ற, எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய செல்லாகத் திரும்பிவிடுகிறது. இதற்காக 2012-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கருவை அழிக்காமலே, நோயாளியின் மரபணு அப்படியே இருக்கும் ஸ்டெம் செல் கிடைத்தது இப்படித்தான்.

அந்தச் செல்களை உருண்டையாகச் சேரவிட்டு, ஜெல் துளிக்குள் பொதித்து, ஊட்டத் திரவத்தில் மெல்லச் சுழலவிட்டு வாரக்கணக்கில் வளர்க்கிறார்கள். பெரிதாக எதுவும் கட்டளையிட வேண்டியதில்லை என்பதுதான் இதில் என்னை இன்றும் வியக்க வைப்பது. கருவில் மூளை எப்படி அடுக்கடுக்காக உருவாகத் தொடங்குமோ அந்த ஒழுங்கின் சாயலைச் செல்கள் தாமாகவே எடுத்துக்கொள்கின்றன. ஜப்பானில் யோஷிகி சசாய் இதற்கு அடித்தளம் போட்டார். 2013-இல் வியன்னாவில் மேடலின் லங்காஸ்டரும் யூர்கன் நாப்லிக்கும் மூளையின் பல பகுதிகளின் சாயல் கொண்ட, ‘ஆர்கனாய்டு’ எனப்படும் இத்தகைய சிறு திசு உருண்டையை வளர்த்துக் காட்டினார்கள்.

அந்த 2013 ஆய்வில் அவர்கள் எடுத்துக்கொண்ட நோய், உங்கள் மகளுடையதன் உடன்பிறப்பு: இரண்டு பிரதிகளிலும் பிழை இருந்தால் வரும் சிறுதலை நிலை, மைக்ரோகெஃபாலி. அவர்கள் பார்த்த நோயாளிக்குப் பிழை இருந்தது வேறு மரபணுவில், சிடிகே5ஆர்ஏபி2 என்பதில். ஆனால் இரண்டு மரபணுக்களும் செல் பிளவுபடும் வேலையைக் கவனிப்பவை. அதே மரபணுவை எலியில் கெடுத்துப் பார்த்தபோது மனிதர்களில் உள்ள அளவு பாதிப்பு வரவில்லை. எலி மூளை வேறு, மனித மூளை வளரும் வழி வேறு. நோயாளியின் செல்லிலிருந்து வளர்த்த ஆர்கனாய்டுகளோ சிறுத்தே இருந்தன. ஏன் என்பதும் அதில் தெரிந்தது.

வீட்டில் விதைநெல் என்று தனியாக எடுத்து வைப்போம். வயிறு பசித்தாலும் அதில் கைவைக்க மாட்டோம். கருவின் மூளையிலும் அப்படி ஒரு கூட்டம் உண்டு: முதலில் தம்மையே இரண்டிரண்டாகப் பெருக்கிக்கொண்டு, போதுமான அளவு சேர்ந்த பிறகு நரம்பணுக்களாக மாறத் தொடங்கும் முன்னோடிச் செல்கள். அந்த நோயாளியின் ஆர்கனாய்டில் முன்னோடிகள் பெருகி முடிக்கும் முன்பே நரம்பணுக்களாக மாறிவிட்டன. விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டால் அடுத்த போகத்துக்கு என்ன மிஞ்சும்? மூளை சிறுத்துப்போவது அதனால்தான். விடுபட்ட புரதத்தை அந்தத் திசுவுக்குள் மீண்டும் செலுத்தியபோது முன்னோடிச் செல்கள் ஓரளவு மீண்டன. உங்கள் மகளின் செல்களைக் கேட்பவர்கள் பார்க்க விரும்புவது இதைப் போன்ற ஒன்றைத்தான்.

ஆனால் ‘குட்டி மூளை’ என்ற பெயர்தான் உங்கள் தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. தொலைபேசியில் அந்தச் சொல்லைச் சொன்னவர்மீது எனக்கு வருத்தமே. இந்தத் துறையின் விஞ்ஞானிகள் பலர் சேர்ந்து 2022-இல் பெயரிடல் குறித்து ஓர் உடன்பாடு வெளியிட்டார்கள். அந்தப் பெயர் தவறான எண்ணம் தருகிறது, வேண்டாம் என்பதும் அதில் ஒன்று. வியன்னாவில் வளர்ந்தவற்றின் குறுக்களவு அதிகபட்சம் நான்கு மில்லிமீட்டர். ஒரு மிளகை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் வளராததற்குக் காரணம், உள்ளே ரத்தக் குழாய் இல்லை. நடுப்பகுதிக்கு ஆக்சிஜன் போய்ச் சேராமல் செல்கள் மடிந்துவிடுகின்றன. மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உண்டு. ஆர்கனாய்டில் இருப்பது சில லட்சம் முதல் சில பத்து லட்சம் செல்கள். கண் இல்லை, காது இல்லை, உடம்பு இல்லை. உண்மையான கருவின் மூளை எவ்வளவு நுட்பமானது என்று பார்க்க வேண்டுமானால் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024-இல் வெளியிட்ட ‘தாரணி’ தொகுப்பைப் பாருங்கள். கர்ப்பத்தின் நான்கு முதல் ஆறாம் மாதம் வரையிலான கருமூளைகளை 5,132 சீவல்களாகச் செல் அளவில் படமெடுத்திருக்கிறார்கள். அதன் பக்கத்தில் ஆர்கனாய்டு ஒரு வீட்டின் ஒற்றைச் சுவர் மாதிரி.

அதற்கு வலிக்குமா?

சிரித்துவிட்டுப் போகிற கேள்வி அல்ல இது. இந்தத் துறையில் இருப்பவர்களே தங்களைக் கேட்டுக்கொள்கிற கேள்வி.

2019-இல் கலிபோர்னியாவில் அலிசன் முவோட்ரியின் குழு, பல மாதங்கள் வளர்த்த ஆர்கனாய்டுகளில் மின்னலைகள் ஒழுங்காக எழுந்து அடங்குவதைப் பதிவு செய்தது. அவற்றின் சில அம்சங்கள் குறைமாதக் குழந்தைகளின் மூளை அலைகளை ஒத்திருந்தன. பலரும் திடுக்கிட்டது அப்போதுதான். 2025-இல் ஸ்டான்ஃபோர்டில் செர்ஜியு பாஷ்காவின் குழு நான்கு ஆர்கனாய்டுகளைச் சங்கிலியாகக் கோத்தது. தோலிலிருந்து உணர்வை எடுத்துச் செல்லும் நரம்பணுக்கள், தண்டுவடம், உணர்வுச் செய்திகளை மேலே கடத்தும் தாலமஸ், மூளையின் வெளி அடுக்கான புறணி என்ற வரிசை அது. வலிச் செய்தி உடலில் போகும் பாதையின் மாதிரி. முதல் உருண்டையில் மிளகாயின் காரச்சத்தை இட்டதும் மின் செய்தி ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போனது.

கேட்டதும் நெஞ்சு பதறும். ஆனால் செய்தி போவது வேறு, வலிப்பது வேறு. மயக்க மருந்து கொடுத்த நோயாளியின் வயிற்றைக் கீறும்போதும் நரம்பு செய்தி அனுப்பத்தான் செய்கிறது. ‘வலிக்கிறது’ என்று உணர ஆள் விழித்திருக்க வேண்டும். அந்தச் சங்கிலியில் செய்தி போய்ச் சேரும் பாதை மட்டுமே இருக்கிறது. அதைத் துன்பமாக ஆக்கும் மற்ற மூளைப் பகுதிகள் அதில் இல்லை. ஆய்வு செய்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஸ்டெம் செல் ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 2021-இல் தன் நெறிமுறைகளைப் புதுப்பித்தபோது, இன்றைய ஆர்கனாய்டுகளுக்குத் தன்னுணர்வோ வலி உணர்வோ இருப்பதற்கு ஆதாரம் இல்லை என்றது. அவை மேலும் சிக்கலாக வளரும்போது கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றும் சேர்த்தே சொன்னது.

ஆகவே, உங்கள் மகள் அங்கே இன்னொரு முறை பிறந்து தனியாகக் கிடப்பாள் என்று நினைக்க வேண்டாம். கற்பூரவல்லியைக் கிள்ளி வைத்தால் இன்னொரு செடி வரும். ஒருவரின் ரத்தத்திலிருந்து இன்னொருவர் வருவதில்லை. அவள் சிரிப்பது, பாட்டுக்குக் கைதட்டுவது, உங்கள் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொள்வது எதுவும் அந்த உருண்டையில் இருக்காது. இருப்பது அவளுடைய மரபணு எழுத்து மட்டும்.

எடுத்து மகளுக்கு வைக்க முடியுமா?

முடியாது. இதைச் சொல்வது எனக்குக் கடினமாக இருக்கிறது. ஆனாலும் சுற்றி வளைக்காமல் சொல்வதுதான் உங்களுக்குச் செய்யும் மரியாதை.

முதல் காரணம், அதே பிழையோடுதான் அந்தத் திசுவும் வளரும். பிழையைத் திருத்தி வளர்க்க இன்று கருவிகள் உண்டு. ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கத் திருத்திய செல்களையும் வளர்ப்பார்கள். அப்படித் திருத்தினாலும் இரண்டாவது காரணம் நிற்கிறது: காலம். விதைநெல் பெருக வேண்டிய பருவத்தின் பெரும்பகுதி நீங்கள் கர்ப்பமாக இருந்தபோதே முடிந்துவிட்டது. நான்கு வயதில் மிளகளவு திசுவை எங்கே வைத்தாலும் அந்தப் பருவம் திரும்பாது. மூளையின் கோடானுகோடி இணைப்புகளுக்கு நடுவே ஒழுங்கற்று வளரும் திசுவால் வலிப்பும் கட்டியும் வரும் அபாயமும் உண்டு.

“எலிக்கு வைத்தார்களாமே” என்று உங்கள் தம்பி செய்தி அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். 2022-இல் பாஷ்காவின் குழு மனித ஆர்கனாய்டைப் பிறந்த எலிக்குட்டிகளின் மூளையில் வைத்தது. அது எலியின் ரத்த ஓட்டத்தைப் பெற்று, மூளையின் ஒரு பக்க அரைக்கோளத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை பரவி வளர்ந்தது. எலியின் மீசையைத் தொட்டால் அந்த மனித நரம்பணுக்களும் பதில் தந்தன. ஆனால் அது எலியைக் குணப்படுத்தச் செய்ததல்ல. மனித நரம்பணுக்கள் கிண்ணத்தில் அடையாத முதிர்ச்சியை அங்கே அடைகின்றனவா என்று பார்க்கத்தான்.

இந்த வழியில் சிகிச்சையே வராதா என்றால், சில நோய்களுக்கு வரலாம். டிமோத்தி நோய்க்கூறு என்று மிக அரிதான ஒன்று உண்டு. செல்லுக்குள் கால்சியம் நுழையும் வாசலில் பிழை. 2024-இல் அதே ஸ்டான்ஃபோர்டு குழு, நோயாளிகளின் ஆர்கனாய்டிலும் அது பொருத்தப்பட்ட எலியிலும் ஒரு மருந்துத் துணுக்கைச் செலுத்தி, செல்களின் குறை நேராவதைக் காட்டியது. அங்கே பிழையான வாசல் இன்றும் திறந்து மூடிக்கொண்டிருக்கிறது. அதனால் இன்றும் திருத்த முடிகிறது. உங்கள் மகளின் நோயில் பிழை தன் வேலையைக் கருவிலேயே பெரும்பாலும் முடித்துவிட்டது. இரண்டும் ஒரே செய்தியில் வந்தாலும் ஒன்றல்ல.

ஆறு லட்சம் ரூபாய் ஊசி

வேண்டாம். நகையை அடகு வைக்கப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து வைக்காதீர்கள்.

இடுப்பெலும்பு மஜ்ஜையிலிருந்தோ வேறு இடத்திலிருந்தோ எடுத்த செல்லை முதுகுத்தண்டு நீரில் ஏற்றுவதற்கும் ஆய்வகத்தில் ஆர்கனாய்டு வளர்ப்பதற்கும் ‘ஸ்டெம் செல்’ என்ற சொல்லைத் தவிர எதுவும் பொதுவில்லை. மஜ்ஜைச் செல் மூளையில் போய் முன்னோடிச் செல்லாக மாறி, விடுபட்ட வேலையைச் செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு ஸ்டெம் செல் ஆய்வு நெறிமுறைகளின்படி, ரத்த நோய்கள் முதலிய சிலவற்றுக்குச் செய்யும் ரத்த ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தவிர மற்ற எதுவும் சிகிச்சை அல்ல, ஆய்வு மட்டுமே. ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும், பதிவு வேண்டும், உங்களிடம் பணம் கேட்கக் கூடாது. எது ஆய்வு, எது வியாபாரம் என்று பிரித்தறிய உங்களுக்குக் கிடைக்கும் எளிய அடையாளம் இந்தக் கடைசி ஒன்றுதான்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை அவளுடைய பேச்சுப் பயிற்சிக்குச் செலவிடுங்கள். நான்கு வயதில் ஏழெட்டுச் சொற்கள் என்றால் பேச்சு வராது என்று பொருள் இல்லை. படம் காட்டிக் கேட்பது, சைகை என எந்த வழியிலாவது அவள் தன் தேவையைச் சொல்லக் கற்றுக்கொண்டால் அடமும் அழுகையும் குறையும். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் இயன்முறை, பேச்சுப் பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் எடுங்கள். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு ‘நிராமயா’ காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. பயிற்சிச் செலவுக்கும் அதில் இடம் இருக்கிறது. வலிப்பு வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். இந்த நிலையில் சில குழந்தைகளுக்கு வலிப்பு வருவதுண்டு.

கையெழுத்துப் போடும் முன்

ஆய்வுக்கு ரத்தம் கொடுக்கலாமா என்று என்னைக் கேட்டால், கொடுக்கலாம் என்பேன். பிரேசிலில் 2015-16இல் ஜிகா வைரஸ் பரவி, சிறுதலையோடு குழந்தைகள் பிறந்தபோது, அந்த வைரஸ் முன்னோடிச் செல்களைத் தாக்கி மூளைத் திசுவின் வளர்ச்சியைக் குறைக்கிறது என்று சில மாதங்களிலேயே காட்ட ஆர்கனாய்டுகள் பெரிதும் உதவின. யாரோ முன்பின் தெரியாதவர்கள் கொடுத்த செல்கள் அவை. உங்கள் மகளின் செல்லும் அப்படி யாருக்கோ உதவலாம். அவளுக்கே உதவும் என்ற எண்ணத்தில் கொடுக்காதீர்கள். அந்த எண்ணம்தான் காரணம் என்றால் கொடுக்காமல் இருப்பதே மேல். மறுத்தால் அவளுடைய சிகிச்சையில் எதுவும் குறையாது, குறைக்கவும் யாருக்கும் உரிமை இல்லை.

கொடுப்பதாக இருந்தால், அபாயம் ஊசியில் இல்லை. காகிதத்தில் இருக்கிறது. ரத்தம் சில நாளில் ஊறிவிடும். அதிலிருந்து உருவாக்கும் ஸ்டெம் செல்களோ முடிவில்லாமல் பெருகக்கூடியவை. நீங்களும் நானும் போன பிறகும் ஏதோ ஓர் உறைபெட்டியில் இருக்கும். 1951-இல் அமெரிக்காவின் பால்டிமோரில் ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினத் தாயின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே செல்கள் எடுக்கப்பட்டன. உலகம் முழுக்க ஆய்வகங்களில் அவை பெருகின. அவர் குடும்பத்துக்குப் பல ஆண்டுகள் அது தெரியாது. அந்தச் செல்களால் லாபம் பார்த்த நிறுவனம் ஒன்றோடு அவர் வாரிசுகளுக்கு உடன்பாடு ஏற்பட்டது 2023-இல்தான். இன்று சம்மதப் படிவம் இவ்வளவு நீளமாக இருப்பதற்குப் பின்னால் அவரைப் போன்றவர்களும் இருக்கிறார்கள். ஆகவே அதைத் தமிழில் கேளுங்கள், வீட்டுக்கு எடுத்து வந்து படியுங்கள். இவற்றுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள்:

நெறிமுறைக் குழுவும், ஸ்டெம் செல் ஆய்வுக்கான நிறுவனக் குழுவும் அனுமதி தந்திருக்கின்றனவா? எண், தேதி என்ன?

செல்கள் இந்த ஆய்வுக்கு மட்டுமா, பின்னால் வேறு ஆய்வுகளுக்குமா? வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா? மருந்து நிறுவனத்துக்குக் கொடுத்தால் வரும் பயனில் உங்களுக்கு என்ன இடம்?

விலங்குகளின் மூளையில் வைப்பார்களா? இது உங்கள் மனத்துக்கு ஒவ்வாது என்றால், அதற்கு மட்டும் ‘சம்மதம் இல்லை’ என்று தனியாகக் குறிக்க இடம் கேளுங்கள். கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

மகளின் மரபணுத் தகவலை யார் பார்ப்பார்கள்? பெயரை நீக்கினாலும் மரபணு எழுத்தே ஓர் அடையாளம். அதில் உங்கள் தகவலும், உங்கள் கணவருடையதும், பிறக்கப்போகும் குழந்தையுடையதும் பாதி பாதி கலந்திருக்கிறது.

பின்னால் வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. காரணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள். மீதமிருக்கும் ரத்தத்தையும் செல்லையும் அழிக்கச் சொல்லலாம், இனிப் பயன்படுத்தாதே எனலாம். ஏற்கெனவே வேறு ஆய்வகங்களுக்குப் போனதையும் அச்சில் வந்த முடிவுகளையும் திரும்பப் பெற முடியாது. “எப்போது வேண்டுமானாலும் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்” என்று யாராவது இனிக்கப் பேசினால் அது உண்மையல்ல.

உங்கள் கணவர் ‘தெய்வக் குத்தம்’ என்று தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அவரை வற்புறுத்தாதீர்கள். இருவரும் மனம் ஒத்தபின் போடுங்கள். ஆய்வகத்துக்கு அவசரம் ஒன்றுமில்லை. ரத்தத்திலிருந்து ஸ்டெம் செல் உருவாக்கி ஆர்கனாய்டு வளர்க்கவே அவர்களுக்குப் பல மாதங்கள் ஆகும். உங்கள் கர்ப்பப் பரிசோதனையெல்லாம் முடிந்து, மனம் ஓய்ந்த பிறகு பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

கடைசியாக, “அதை நான் போய்ப் பார்க்க விடுவார்களா?” என்று கேட்டிருந்தீர்கள். கேட்டுப் பாருங்கள், அந்தக் கேள்வியையும் பட்டியலில் சேருங்கள். விட்டால் மகளையும் அழைத்துப் போங்கள். இளஞ்சிவப்புத் திரவத்தில், மெல்லச் சுழலும் கிண்ணத்துக்குள், வெள்ளை மிளகு போலச் சில உருண்டைகள் மிதந்துகொண்டிருக்கும். நீங்கள் அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவள் கிண்ணம் சுற்றுவதைப் பார்த்துக் கைதட்டுவாள் என்று நினைக்கிறேன்.